கொங்குப் பக்கம் முதல் வீடு: அட்வான்ஸுக்கு முன்னும் குடிபோன பின்னும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வேலைக்கோ தொழிலுக்கோ வந்து, சில வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, இனி நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்து, அப்பா கட்டிய வீட்டை விட்டு முதல்முறையாகச் சொந்தமாக வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

வீடு வாங்குவதில் பிடி நம் கையில் இருப்பது அட்வான்ஸ் கொடுக்கும் வரைதான். அதுவரை விற்பவரும் புரோக்கரும் கேட்ட காகிதத்தையெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். பணம் கைமாறிய பிறகு அதே காகிதத்துக்காக நாம்தான் திரும்பத் திரும்பப் போன் போட வேண்டியிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அட்வான்ஸுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளே வருகின்றன.

முதலில் தண்ணீர்

வாஸ்துவையும் டைல்ஸையும் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். இந்தப் பக்கம் வீட்டுக்கு இரண்டு தண்ணீர் வேண்டும்: குடிக்க நல்ல தண்ணீர், புழங்க உப்புத் தண்ணீர். கோவையில் சில பகுதிகளுக்குச் சிறுவாணி வருகிறது, சில பகுதிகளுக்குப் பில்லூர், சில பகுதிகளுக்கு ஆழியாறு. ‘சிறுவாணி ஏரியாங்க’ என்று புரோக்கர் சொன்னால் அதோடு விட்டுவிடாமல் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். குழாய் இணைப்பு இந்த வீட்டின் பேரில் இருக்கிறதா? எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள்? வந்தால் எத்தனை மணி நேரம் வரும்? வராத நாட்களுக்குத் தரைத்தொட்டி போதுமா? இதற்கெல்லாம் சரியான பதில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கிடைக்கும். வாசல் தெளிக்கும் நேரத்தில் போய்க் கேட்டால் போன கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்.

அப்புறம் போர்வெல். எத்தனை அடி ஓட்டினார்கள், எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, ஏப்ரல், மே மாதங்களில் மோட்டார் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று விசாரியுங்கள். உப்பு எவ்வளவு என்று தெரிய முதலில் குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து, ஷவர் துளைகள் பாதி அடைத்து, பக்கெட்டின் உட்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தால், கீசரும் வாஷிங் மெஷினும் அதே கதிக்கு ஆளாகும். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதனைச் சாலையில் கொடுத்தாலும் பெரிய செலவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீட்டின்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறார்கள்.

திருப்பூருக்குக் கீழே நொய்யல் கரையோரம் வாங்குபவர்கள் இந்தப் பரிசோதனை இல்லாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. கழிவுநீர்ப் பிரச்சினையில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011இல். அதற்கு முன் வருடக்கணக்காக ஆற்றில் போன சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் நிலத்தடி நீரைக் கெடுத்தது. மேலே மண் நன்றாகத் தெரிவதை வைத்து அடியில் இருக்கும் தண்ணீரைச் சொல்ல முடியாது. அவிநாசி, அன்னூர், பெருந்துறைப் பக்கம் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோக ஏற்பாடு உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் ‘குளத்துக்குத் தண்ணி வந்துருச்சுங்க’ என்ற பேச்சை வைத்து சென்டுக்கு விலை ஏற்றினால், நீங்கள் பார்க்கும் சைட்டின் போரில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து விலை பேசுங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்

50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரையும், 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு 80 விழுக்காடு வரையும், அதற்கு மேல் 75 விழுக்காடு வரையும் தரலாம். ஆக 50 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்களுடையது. பத்திரச் செலவை வங்கி இந்த மதிப்பில் சேர்க்காது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 4.5 லட்சம். வழக்கறிஞர், வங்கிக் கட்டணங்கள், புரோக்கர் கமிஷன், கிரில், மோட்டார், குடிபோகும் செலவு எல்லாம் சேர்த்தால் பதினாறு, பதினேழு லட்சம் கையிருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். இந்தத் தொகைக்காக நகையை முழுவதும் அடகு வைத்து, சீட்டையும் தள்ளி எடுத்து, அதற்கு மேல் தவணையும் கட்டுவது என்றால் முதல் வருடத்திலேயே குடும்பம் திணறிவிடும். வாங்கும் வீட்டின் அளவைக் குறைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. 2025 ஏப்ரலில் இருந்து இந்தச் சலுகை இருக்கிறது. சின்ன சைட்டாக வாங்கிப் பிறகு கட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது உதவும்.

விற்பவர் ‘பாதியைக் கையில குடுத்துருங்க’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். உங்களுக்கும் கேடுதான். கிரயம் நின்றுபோனால், கொடுத்தோம் என்பதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

காகிதங்கள்

இந்த வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் எஸ்.எஃப். நம்பரை, அதாவது நிலத்தின் சர்வே எண்ணை, வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை (அந்த இடத்தின் மேல் பதிவான கிரயம், அடமான விவரம்) நீங்களே கட்டணமில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. வருவாய்த் துறை இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுத்துவிடுங்கள். பத்திரத்தில் உள்ள நாற்சீமையும் புலப்படத்தில் உள்ள கோடும் நேரில் நிற்கும் காம்பவுண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்றரை சென்ட் என்று சொல்லும் இடத்தை டேப் போட்டு அளந்தால் மூன்றேகால்தான் தேறுகிறது என்றால் அதை அன்றைக்கே பேசித் தீர்க்க வேண்டும்.

தாய்ப்பத்திரத்தில் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை பத்திரங்களை வரிசையாக அடுக்குங்கள். இந்த வரிசை அறுந்துபோவது பெரும்பாலும் குடும்பச் சொத்தில்தான். கொங்கு நாட்டில் தோட்டம் சைட்டாகி, சைட் வீடாகி வந்த இடம் நிறைய. தாத்தா பேரில் இருந்த பூமியை மகன்கள் பங்கு பிரித்து விற்றிருப்பார்கள். பெண்மக்கள் பேச்சு வந்தால், ‘அவிங்களுக்கு அப்பவே சீர் செஞ்சு அனுப்பிட்டோமுங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க’ என்பார்கள். சொல்பவர் மனதில் கள்ளம் இருக்காது. சட்டத்தில்தான் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம், 2005இன் மத்தியத் திருத்தம், 2020 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மூன்றும் சேர்ந்து, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு என்பதை உறுதிப்படுத்திவிட்டன. கல்யாணத்துக்குச் செய்த சீர் அந்தப் பங்குக்கு ஈடாகாது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையோ கிரயமோ இருந்தால் அதை 2005 சட்டம் கலைக்காது. அதற்குப் பிந்தைய விவகாரம் என்றால், ‘கேக்க மாட்டாங்கன்னா கையெழுத்தும் போட்டுருவாங்களேங்க’ என்று மரியாதையாகக் கேட்டு, அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவான பிறகு வாங்குங்கள், அல்லது அவர்களையும் கிரயத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

சொந்தச் சம்பாத்தியச் சொத்தாக இருந்து, உயில் எழுதாமல் ஒருவர் இறந்திருந்தால், இந்து குடும்பத்தில் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. ஊரில் உயிரோடு இருக்கும் அந்தப் பாட்டியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். வாரிசுச் சான்றில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பத்திரத்தில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பவர் (உரிமையாளருக்குப் பதிலாக விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்து ஒருவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். அவர் இறந்துபோயிருந்தால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது.

சைட் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்றதா என்பதும் இங்கே பெரிய கேள்வி. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை போட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அடுத்த வருடம் அரசு வழி செய்தது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று மட்டும் சொன்னால் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நகராதீர்கள். புதிய லேஅவுட், புதிய அடுக்ககம் என்றால் 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு வீட்டுக்கு மேலோ இருக்கும் திட்டம் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். கட்டிய வீடு என்றால் கட்டட அனுமதி வரைபடத்தோடு நேரில் ஒப்பிடுங்கள். கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மேலே இன்னொரு தளம் எழுப்பியிருந்தால், அந்த மேல்தளத்துக்கு வங்கி மதிப்புப் போடத் தயங்கும்.

காகிதத்தில் தெரியாத சிலவற்றை ஊரில்தான் கேட்டறிய வேண்டும். மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கம் மலையடிவாரக் கிராமங்களில் பல ‘ஹாகா’ (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் உள்ளவை. மனைப் பிரிவுக்கும் கட்டடத்துக்கும் தனி அனுமதி வேண்டும், யானை வரும் வழியும் அதுதான். சில ஊர்களில் கோயில் நிலம், இனாம் நிலம் என்று பதிவு செய்ய முடியாதபடி பதிவுத் துறை பூஜ்ய மதிப்பில் வைத்த சர்வே எண்கள் இருக்கின்றன. அங்கே வருடக்கணக்காகக் குடியிருப்பவர்களும் விற்க முடியாமல் நிற்கிறார்கள். உயர்மின் கோபுரம், எண்ணெய்க் குழாய், புறவழிச்சாலைக்கு எடுக்கப்போகும் நிலம் இவற்றையும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரரிடமும் விசாரியுங்கள்.

வங்கி லீகல் பார்த்துவிட்டதே, நாம் எதற்குத் தனியாக வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கிப் பணம் திரும்புமா என்பதை. உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் வழக்கு வருமா என்று பார்க்க உங்களுக்கென்று ஒருவர் வேண்டும். அதே சார்பதிவாளர் அலுவலக எல்லையில் பல காலம் தொழில் செய்தவராக இருந்தால் இன்னும் நல்லது. விற்பவரோ புரோக்கரோ கைகாட்டும் ஆள் வேண்டாம்.

அக்ரிமென்டும் கிரயமும்

இவ்வளவும் சரியாக வந்த பிறகு அட்வான்ஸ். வங்கி வழியாகக் கொடுங்கள், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு வரி அவசியம் இருக்கட்டும்: ஆவணக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் இத்தனை நாளுக்குள் முழுதாகத் திரும்ப வேண்டும். இந்த வரி இல்லாமல் பணம் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

‘பத்திரம் பேங்க்ல இருக்குங்க’ என்றால் பயப்பட வேண்டியதில்லை. பாக்கி எவ்வளவு என்று அந்த வங்கியிடமே கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நேரடியாக வங்கிக்குக் கட்டி, மூலப்பத்திரங்களை அங்கேயே சரிபார்த்து வாங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். விற்பவர் கையில் கொடுத்து அவர் போய்க் கட்டுவார் என்று விட வேண்டாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அதில் 1 விழுக்காட்டைப் பிடித்து விற்பவர் பேரில் வருமான வரியாகக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

கிரயம் முடிந்த கையோடு பட்டா மாறுதல், வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு பெயர் மாற்றம் நான்கையும் தொடங்கிவிடுங்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய இடம் என்றால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் பட்டா வரும். விட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தால் விற்பவர் வீட்டில் ஒரு சாவு நேர்ந்த பிறகு கையெழுத்துக்கு அலைய நேரிடும்.

கடன்

40 லட்சம், 8.5 விழுக்காடு, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 34,713 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்கே 28,333 போய்விடும். அசலில் கழிவது 6,380 மட்டும். கடைசி வரை இப்படியே கட்டினால் மொத்தம் 83 லட்சத்துக்கு மேல். அதனால் முதல் சில வருடங்களில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்குத்தான் பலம் அதிகம். தீபாவளி போனஸிலோ மஞ்சள், தேங்காய் விற்ற காசிலோ வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் கடன் மூன்று வருடத்துக்கு மேல் முன்னதாகவே முடிந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட வங்கி அபராதம் கேட்கக் கூடாது.

வட்டி ஏறும்போது வங்கி பெரும்பாலும் தவணைத் தொகையைத் தொடாமல் மாதங்களை நீட்டிவிடும். குறுஞ்செய்தியைப் படிக்காமல் விட்டால் 20 வருடக் கடன் சத்தமில்லாமல் 25 ஆகியிருக்கும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கிளைக்குப் போய்க் கணக்கு விவரத்தை வாங்கிப் பாருங்கள்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்பவர்கள், பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வங்கி கேட்பது வழக்கமாக இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு. வீடு வாங்கும் எண்ணம் வந்த வருடமே முறையாகக் கணக்குத் தாக்கல் செய்யத் தொடங்குங்கள்; வரவையும் வங்கிக் கணக்கு வழியாக விடுங்கள்.

கடன் தரும்போது பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததை எம்.ஓ.டி. என்று பதிவு செய்வார்கள். அது வில்லங்கத்தில் ஏறும். கடன் முடிந்ததும் அதை நீக்க ரசீது ஆவணம் பதிவு செய்ய வேண்டும். பலர் பத்திரம் கைக்கு வந்ததோடு நிறுத்திவிட்டு, விற்கப் போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள். கடன் முழுதும் கட்டி 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி.

குடிபோவது

ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் தையிலும் ஆவணியிலும் நல்ல நாள் என்றால் ஊரெல்லாம் ஒரே நாளில் சாமான் ஏற்றுவார்கள். குட்டியானை வண்டிக்கும் ஆள் கிடைக்காது. பால் காய்ச்சுவதை நல்ல நாளில் வைத்துக்கொண்டு, சாமானை அடுத்த வாரம் ஒரு சாதாரண நாளில் மாற்றினால் செலவும் குறையும், மனுசருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நகையும் பத்திரமும் வண்டியில் ஏறவே கூடாது, உங்களோடு வரட்டும். பழைய வீட்டின் மின் மீட்டர் அளவைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பாக்கியைத் தீர்த்து, அட்வான்ஸைத் திரும்ப வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். கேஸ் இணைப்பு, ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை முகவரி மாற்றங்களைப் புது மின் கட்டண ரசீது வந்த உடனே செய்துவிடலாம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதல் நாளே தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

காவல்

கட்டிய வீட்டில் ஆசாரி, பெயின்டர், பழைய குடித்தனக்காரர் என்று யார் யார் கையிலோ சாவி போய் வந்திருக்கும். குடிபோகும் அன்றே வாசல் பூட்டை மாற்றுங்கள். கள்ளன் பெரும்பாலும் தேடுவது பின்கதவையும் மொட்டை மாடிக் கதவையும். தேக்குக் கதவை முன்வாசலில் வைத்துவிட்டுப் பின்னால் மெல்லிய பலகைக் கதவு வைப்பதில் பயனில்லை. இரண்டுக்கும் இரும்புக் கிரில், உள்பக்கத் தாழ். கேமரா வைத்தால் பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், கள்ளன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். கண்ணில் படாத அலமாரியில் வைத்து, படம் செல்போனுக்கும் வரும்படி செய்யுங்கள்.

ஊருக்குப் போகும்போது பக்கத்துக் காவல் நிலையத்தில் தேதியைச் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் பார்ப்பார்கள். பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்திவிடுங்கள். வங்கி லாக்கருக்குப் போகாத நகை எதுவும் பூட்டிய வீட்டில் இருக்க வேண்டாம். வீட்டுக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாரத் கிரக ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசியை 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. தீ, வெள்ளம், இடிக்கு அது போதும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிக் காப்பீடு சேர்க்க வேண்டும்.

தோட்டத்து வீட்டில் வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டு டவுனில் வீடு வாங்குபவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025இல் சிவகிரிப் பக்கம் ஒரு முதிய தம்பதி. ஊரை விட்டுத் தள்ளி, சத்தம் போட்டால் கேட்க ஆளில்லாத வீடுகள் இவை. அங்கே நகையும் பணமும் வைக்க விடாதீர்கள். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் விளக்கு, வாசலில் கேமரா, உள்ளிருந்தே யாரென்று பார்க்கும்படி கதவில் கிரில் வையுங்கள். அவர்கள் செல்போனில் ‘காவல் உதவி’ செயலியை ஏற்றி, 112ஐயும் அடுத்த தோட்டத்துக்காரர் எண்ணையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன், காலையில் பால் கறக்கும் நேரத்தில் ஒரு போன் தவறாமல் போக வேண்டும். எடுக்கவில்லை என்றால் அடுத்த தோட்டத்துக்காரர் ஐந்து நிமிடத்தில் போய்ப் பார்ப்பதாக முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.